மார்க் மட்டும் போதாது என்றால், மற்றதற்கு எவ்வளவு எடை என்று சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நவம்பர் 1க்குள் என் மகள் அனுப்பிய விண்ணப்பத்துக்குப் போன வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. திறமையானவர்கள் நிறையப் பேர் விண்ணப்பித்திருந்தார்கள், வருந்துகிறோம் என்று வழக்கமான நாலு வரி. எல்லாருக்கும் இடம் கிடைக்காது, அது புரிகிறது. ஏன் கிடைக்கவில்லை என்று ஊகிக்கக்கூட வழியில்லாததுதான் எரிச்சல். பள்ளியில் இருந்த ஏபி பாடங்களை, அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் கடினமான பாடங்களையெல்லாம் எடுத்து நன்றாகச் செய்தவள். படிப்புக்கு வெளியே காட்டத்தான் அதிகம் இல்லை.

பல பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில், படிப்புக்கு வெளியே செய்பவற்றை எழுத அந்தப் பத்துக் கட்டங்கள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. மூன்றை நிரப்பிவிட்டு நாலாவதில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் அம்மாவும் வேலை முடிந்து வீடு வர ஏழு மணி ஆகிவிடும், அதுவரை தம்பியைக் கூட்டிவந்து சாப்பிட வைத்து வீட்டுப்பாடம் பார்ப்பது அவள்தான். 'குடும்பப் பொறுப்பு' என்று ஒரு வகை பட்டியலிலேயே இருக்கிறதே, அதைப் போடும்மா என்றேன். "என்ன பதவின்னு கேக்குதுப்பா, அக்கான்னு போடவா?" என்றாள். கடைசியில் அதைப் போட்டாள், மீதி ஆறும் காலியாகவே போயின.

நான் கேட்பது ஒன்றுதான். வெளி நடவடிக்கைகளுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறீர்கள் என்று, எங்களிடம் கட்டணம் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். நீங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற தகவல் தொகுப்பில், சேர்க்கையில் எது எவ்வளவு முக்கியம் என்று காட்டும் சி7 அட்டவணை இருக்கிறதே என்பீர்கள். பார்த்தேன். பாடங்களின் கடினம், மார்க், கட்டுரை, வெளி நடவடிக்கை எல்லாவற்றுக்கும் 'மிக முக்கியம்' என்றே டிக் போட்டிருப்பவர்களும் உங்களில் உண்டு. எல்லாமே மிக முக்கியம் என்றால் அதை வைத்து நாங்கள் என்ன முடிவெடுப்பது? ஆனால் உள்ளே கணக்கு இருக்கிறது. சேர்க்கையில் இனப் பாகுபாடு என்று ஹார்வர்டு மீது போட்ட வழக்கு 2018இல் விசாரணைக்கு வந்தபோது, அவர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் படிப்புக்குத் தனியாக, வெளி நடவடிக்கைக்குத் தனியாக எண் போடுவதை ஊரே பார்த்தது.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் எங்களுக்குப் படிப்புதான் முக்கியம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. பிடித்தால் போடலாம், இல்லையென்றால் விடலாம். இங்கே பதினோராம் வகுப்பில் ஒரு தொண்டு நிறுவனம் முளைக்கிறது, அதற்கு நிறுவனர், தலைவர், பொருளாளர் எல்லாம் ஒரே பிள்ளை, சேர்க்கைக் கடிதம் வந்த மாதமே அது கண்ணை மூடுகிறது. அந்தச் சேவைக்கு நீங்கள் எந்த எண் போடுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளவும் ஆசைதான்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். மார்க் வலுவாக, மற்றது மெலிதாக இருக்கும் பிள்ளைகளை எத்தனை பேரை எடுத்தீர்கள் என்று ஆண்டுதோறும் ஒரு எண்ணாவது வெளியிடுங்கள். எங்களுக்கு ஒத்துவராத இடத்தை நாங்களே தவிர்த்துக்கொள்வோம், உங்களுக்கும் படிக்க வேண்டிய கட்டு குறையும். ஜனவரி 1க்குள் அனுப்ப வேண்டியவை அவளுக்கு இன்னும் பாக்கி இருக்கின்றன. அதற்குள் சொல்ல முடிந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா