பாடத்திட்டக் குழுவில் மாணவர்களுக்கும் இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவக் கல்வியின் தரம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இடங்களின் எண்ணிக்கை, கட்டடம், பேராசிரியர் பற்றாக்குறை என எல்லாம் அதில் இருந்தன. படிக்கிற பிள்ளைகளின் குரல்தான் இல்லை.

தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எம்பிபிஎஸ் மாணவர்கள் முதலாமாண்டிலிருந்தே கிராமத்தில் சில குடும்பங்களுக்குப் பொறுப்பேற்று, தொடர்ந்து போய்ப் பார்த்துவர வேண்டும். சமூக மருத்துவம் கற்பித்தவன் என்ற முறையில் மனதார வரவேற்கிறேன். ஆனால் கல்லூரிப் பேருந்து ஊருக்குள் நுழையும்போது காலை பத்து மணி. வீட்டுப் பெரியவர்கள் நூறு நாள் வேலைக்கோ காட்டு வேலைக்கோ கிளம்பியிருப்பார்கள். திண்ணையில் இருக்கும் பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, படிவத்தில் மற்றவர்களுக்கான கட்டங்களை மாணவர்கள் குத்துமதிப்பாக நிரப்புகிறார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்த வடமாநிலப் பிள்ளைகளுக்கோ பாட்டி சொல்வதும் புரியாது. மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ போனால் குடும்பத்தையே பார்க்கலாம் என்பது இரண்டாம் தடவையிலேயே மாணவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அட்டவணை போடும் அறைக்குள் அவர்களுக்கு இடமில்லை. ஆண்டு முடிந்ததும் கருத்துக் கேட்டு ஒரு கூகுள் ஃபார்ம் வரும், அவ்வளவுதான்.

எம்பிபிஎஸ் முடிப்பவர்களுக்கு நாடு முழுவதும் ஒரே தகுதித் தேர்வாகத் திட்டமிட்ட 'நெக்ஸ்ட்' தேர்வுக்கு 2023-இல் நேர்ந்ததும் இதுதான். ஜூலை 28-இல் மாதிரித் தேர்வு என்று அறிவித்தார்கள். மாணவர்கள் கொதித்தெழுந்தபின் தேர்வையே தள்ளிவைத்தார்கள். முன்பே உட்கார வைத்துப் பேசியிருக்கலாம்.

அதே ஆண்டு செப்டம்பரில் உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் பத்தாண்டு அங்கீகாரம் ஆணையத்துக்குக் கிடைத்தது, நாமும் பெருமைப்பட்டோம். பாடத்திட்டத்தை வடிவமைப்பதிலும் மதிப்பிடுவதிலும் மாணவர் பங்கேற்புக்குக் கல்லூரி ஒரு கொள்கை வகுத்தே ஆக வேண்டும் என்று அக்கூட்டமைப்பின் 2015-ஆம் ஆண்டுத் தரநிலைகள் சொல்கின்றன. அங்கீகாரம் இனிக்கிறது, இது மட்டும் கசக்கிறதா?

"விட்டால் பாடத்தைக் குறைக்கச் சொல்வார்கள்" என்பார்கள் என் சக பேராசிரியர்கள். நான் கேட்ட பயிற்சி மருத்துவர்கள் கூடுதலாகத்தான் கேட்டார்கள்: ஐவி லைன் (ரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் குழாய்) போடும் பயிற்சி முன்பே வேண்டும், இறப்புச் செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்வதென்று யாராவது கற்றுத்தர வேண்டும்.

ஒவ்வொரு கல்லூரியின் பாடத்திட்டக் குழுவிலும் ஒரு மூன்றாமாண்டு மாணவர், ஒரு பயிற்சி மருத்துவர் என இருவருக்கு வாக்குரிமையுடன் இடம் தரட்டும். கல்லூரி முதல்வர் நியமிக்கக் கூடாது, மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றார்கள், எதை ஏன் தள்ளினார்கள் என்பதைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக மருத்துவப் பேராசிரியர்,
நாமக்கல்.