ரோம் என்று எழுதிவிட்டு சிவிட்டாவெக்கியாவுக்கு அனுப்பினீர்கள்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை.

பொருள்: மத்தியதரைக் கடல் கப்பல் பயணம் – ரோம் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் செல்வது பற்றித் தவறான தகவல் தந்தது – இழப்பீடும் திருத்தமும் கோருதல்.

பார்வை: என் முதல் மின்னஞ்சலும் அதற்குத் தாங்கள் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த அக்டோபரில் நானும் என் கணவரும் 71 வயதான என் அம்மாவும் தங்கள் நிறுவனம் மூலம் 7 இரவுக் கப்பல் பயணம் சென்றோம். ஊர் திரும்பியதும் நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, "தங்கள் பேக்கேஜில் துறைமுகத்துக்கான வாகன வசதி சேர்க்கப்படவில்லை" என்று பதில் எழுதியிருந்தீர்கள். அடுத்த பயணத்துக்கு 5 சதவீதத் தள்ளுபடியும் தருவதாகச் சொன்னீர்கள். வாகன வசதி சேரவில்லை என்பது பணம் கட்டும்போதே எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. என் புகார் வேறு. நீங்கள் கொடுத்த தகவல் தவறு. கேட்டு உறுதி செய்துகொள்ளப் பார்த்தபோதும் அதே தவறான தகவலைத்தான் திரும்பச் சொன்னீர்கள். எனவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். தயவுசெய்து இந்த முறை முழுவதும் படியுங்கள்.

தங்கள் பயணக் குறிப்பில் கப்பல் ஏறும் இடம் "ரோம்" என்று இருந்தது. அதற்குக் கீழே, "ரோமா டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் சுமார் அரை மணி நேரம்; டாக்ஸி எளிதில் கிடைக்கும்" என்ற ஒரே வரி. கப்பல் நிறுவனத்தின் சீட்டில் மட்டும் ரோம் என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிவிட்டாவெக்கியா என்று போட்டிருந்தார்கள். சென்னைத் துறைமுகத்துக்கு ராயபுரம் போல இதுவும் நகரின் ஒரு பகுதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். நினைத்ததோடு விடவில்லை. கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்பு வாட்ஸ்அப்பில் தங்கள் அலுவலகத்தைக் கேட்டேன். "ரோமுக்குள்ளேதான் மேடம், பக்கம்தான்" என்று குரல் பதிவாகவே பதில் வந்தது. பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கு அந்த ஊர் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

ரோம் கடற்கரை ஊரே அல்ல. டைபர் ஆற்றங்கரையில், கடலிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் நகரம் அது. நீங்கள் எங்களை அனுப்பிய துறைமுகம் வடமேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி, சிவிட்டாவெக்கியா என்ற தனி ஊரில் இருக்கிறது. சென்னை என்று அச்சிட்டுவிட்டு ஒருவரைக் காஞ்சிபுரத்துக்கு வரச் சொல்வதைப் போன்ற தூரம். இது அண்மையில் நேர்ந்த மாற்றமும் இல்லை. அந்தத் துறைமுகத்தைக் கட்டியவர் டிராஜன் என்ற ரோமானியப் பேரரசர். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு. ரோமிலிருந்து அந்த ஊருக்கு ரயில் பாதை போட்டது 1859-இல். கப்பல் பயணம் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு இந்தத் தூரம் தெரியாமல் இருக்க முடியாது.

கப்பலில் பதிவு முடியும் நேரம் பிற்பகல் 3:30. அரை மணி நேரப் பயணம்தானே என்று அறையைக் காலி செய்து, நிதானமாகச் சாப்பிட்டு, 1:10-க்கு டெர்மினி வாசலில் இருந்த டாக்ஸி வரிசையில் நின்றோம். ஓட்டுநரிடம் துறைமுகம் என்றதும் அவர் "சிவிட்டாவெக்கியாவா?" என்று கேட்டு 150 யூரோ சொன்னார். ஏமாற்றுகிறார் என்று நினைத்து விலகி வந்துவிட்டோம். அவர் சொன்னதுதான் உண்மை என்று நிலையத்துக்குள் விசாரித்தபோது தெரிந்தது. அந்த நிமிடத்தில் என் அம்மாவின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. "நேரமாயிடுச்சா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

ரயிலில் போகலாம், டிக்கெட் விலையும் மிகக் குறைவு என்றார்கள். ஆனால் டெர்மினியில் அந்தத் தடத்து ரயில்கள் முன் மண்டபத்துப் பிளாட்பாரங்களில் நிற்பதில்லை. 25 முதல் 29 வரையிலான பிளாட்பாரங்கள் தனியாக, வெகு உள்ளே இருக்கின்றன. 24-ஆம் பிளாட்பாரத்தை ஒட்டிய நீண்ட பாதையில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இது தங்கள் விண்ணப்பப் படிவத்திலேயே நான் எழுதிக்கொடுத்த விவரம். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு இத்தாலிய ரயில் நிலையங்களில் சாலா புளூ என்று ஓர் உதவி மையம் இருக்கிறதாம். முன்கூட்டியே சொல்லிவைத்தால் சக்கர நாற்காலியோடு வந்து ரயிலில் ஏற்றிவிடுவார்கள். ஊர் திரும்பிய பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன். படிவத்தில் மூட்டு அறுவை சிகிச்சை என்று பார்த்தவுடன் நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய முதல் தகவல் இது.

காகித டிக்கெட்டை ரயில் ஏறும் முன் அங்குள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்ட வேண்டியிருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு மாணவி எங்கள் கையிலிருந்து டிக்கெட்டை வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தாள். நாங்கள் ஏறியது நின்று நின்று போகும் ரயில். டிராஸ்டெவரே, சான் பியெத்ரோ, லாடிஸ்போலி, சான்டா செவேரா, சான்டா மரினெல்லா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இடப்பக்கம் முழுக்கக் கடல். அம்மா வாழ்க்கையில் பார்க்க ஆசைப்பட்ட கடல் அது. ஒருமுறைகூட அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சிவிட்டாவெக்கியாவில் இறங்கியபோது மணி 3. ஊர் வந்தாயிற்று, இனிக் கப்பல்தான் என்று நினைத்தோம். கடற்கரைச் சாலையில் நடந்தால் பெரிய கோட்டை ஒன்று தெரிகிறது, மைக்கேலாஞ்சலோ பெயரில் உள்ள கோட்டை. அதை ஒட்டித் துறைமுக வாசல். பெட்டிகளோடும் அம்மாவோடும் அங்கே போய்ச் சேர்ந்ததும் காவலர் தலையை ஆட்டினார். சொகுசுக் கப்பல்கள் அந்த வாசலில் இல்லை. பயணிகள் லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்துதான் துறைமுகப் பேருந்து கப்பல்வரை கொண்டுபோய் விடும் என்றார். அந்த இடம் ரயில் நிலையத்திலிருந்து நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கே இருபது நிமிட நடை. அம்மாவைக் கோட்டைச் சுவரோரம் ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்தோம். என் கணவர் நிலையத்துக்கே திரும்பி ஓடி டாக்ஸி பிடித்து வந்தார். 40 யூரோ. கப்பல் அருகே இறங்கியபோது 3:40. பதிவு மேசையை மூடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் நிலையைப் பார்த்து, கப்பல் ஊழியர் ஒருவர் தாமே சக்கர நாற்காலி கொண்டுவந்து எங்களை உள்ளே சேர்த்துக்கொண்டார். அவருடைய மனிதத்தன்மையால்தான் நாங்கள் அந்தக் கப்பலில் இருந்தோம்.

அன்றிரவே அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மறுநாள் நேப்பிள்ஸில் இறங்கி பாம்பேய் பார்ப்பதாக இருந்தது. எரிமலைச் சாம்பலில் மூடிப்போன ஊர் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டு பாடம் நடத்தியவர் என் அம்மா. இந்தப் பயணத்துக்கு அவர் ஒத்துக்கொண்டதே அந்த ஓர் ஊருக்காகத்தான். அந்தச் சாம்பலைக் கக்கிய வெசூவியஸ் மலையை அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நானும் அவரோடு இருந்துவிட்டேன். இதை ஈடு செய்யும்படி நான் உங்களைக் கேட்கவில்லை. உங்களால் முடியாது.

உங்கள் பயணக் குறிப்பில் என்ன இருந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன். துறைமுகம் ரோமில் இல்லை, சிவிட்டாவெக்கியாவில் உள்ளது. டெர்மினியிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். சில நிறுத்தங்களில் மட்டும் நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். பிளாட்பாரம் உள்ளே தள்ளி இருப்பதால் கால் மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள். காகித டிக்கெட்டில் முத்திரை குத்துங்கள். சிவிட்டாவெக்கியா நிலையத்தில் இறங்கியதும் கோட்டைப் பக்கம் நடக்காமல் லார்கோ தெல்லா பாச்சே செல்லும் நகரப் பேருந்தில் ஏறுங்கள், அங்கிருந்து கப்பலுக்குப் பேருந்து இலவசம். விடுதியிலிருந்து கப்பல்வரை மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இவ்வளவுதான், பத்து வரி. இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் மட்டுமே அந்தப் பகுதி ரயில்கள் கட்டாயம் ஓடும். கப்பல் ஏறும் நேரமோ நடுப்பகலும் பிற்பகலும். வேலைநிறுத்த நாளில் உங்கள் பயணிகள் காலை 9 மணிக்கு முன்பே ரயில் ஏறியிருக்க வேண்டும் என்று யார் அவர்களுக்குச் சொல்வார்கள்?

இந்தக் குறை ரோமோடு நிற்கவில்லை. நீங்கள் எனக்கு அனுப்பிய புதிய விலைப்பட்டியலில் ஏதென்ஸ், லண்டன், ரோம் மூன்றும் ஒரே மாதிரி ஒற்றைச் சொல்லாக அச்சாகியிருக்கின்றன. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்கு நகர மெட்ரோவிலேயே போய்விடலாம். 2022 முதல் இரண்டு மெட்ரோ தடங்கள் அங்கே போகின்றன. நீங்கள் லண்டன் என்று குறிப்பிடும் கப்பல் கிளம்புவதோ சவுத்தாம்ப்டனிலிருந்து. லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாகும். அந்த ஊரில் கப்பல் முனையங்களே ஐந்து. எந்த முனையம் என்று தெரியாமல் டாக்ஸியில் ஏறினால் நாங்கள் கோட்டை வாசலில் நின்ற கதைதான். மூன்றையும் ஒரே மாதிரி அச்சிட்டால், வாங்குகிறவர் மூன்றும் ஒன்றுபோலத்தான் என்று நம்புவார். நாங்கள் நம்பியதைப் போல.

என் கோரிக்கை இவ்வளவுதான். டாக்ஸிக்குக் கொடுத்த 40 யூரோவையும், தங்கள் மூலமே பதிவு செய்து அம்மாவும் நானும் போக முடியாமல் போன பாம்பேய் சுற்றுலாவுக்கான தொகையையும் திருப்பித் தர வேண்டும். தள்ளுபடி வேண்டாம். குறிப்பையும் விலைப்பட்டியலையும் திருத்தி, திருத்திய பிரதியை எனக்கு அனுப்ப வேண்டும். என் அம்மாவுக்கு எழுத்தில் ஒரு வருத்தம் தெரிவிக்க வேண்டும், என் பெயருக்கு அல்ல, அவர் பெயருக்கு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோருக்குத் தேவையான தகவலைத் தெரிந்தே சொல்லாமல் விடுவதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கவும் அது வழி செய்கிறது. 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கோயம்புத்தூர் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். அந்த நிலை வராது என்றே இன்னமும் நம்புகிறேன். இதற்கு முன் இரண்டு முறை தங்கள் மூலம் பயணம் செய்து மனநிறைவோடு திரும்பியவள் நான்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் 15 நாட்கள் காத்திருக்க வேண்டாம். ஏப்ரலில் இதே கப்பலுக்கு ஒரு குழுவை அனுப்புகிறீர்கள். என் அலுவலகத் தோழியின் பெற்றோர் அதில் இருக்கிறார்கள். நான் பரிந்துரைத்துத்தான் அவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு வழி முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கையில் இருக்கும் தங்கள் குறிப்பிலும் அதே "அரை மணி நேரம்" இருக்கிறது. குழுவில் உள்ள மற்றவர்களின் தொலைபேசி எண்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. இந்த வாரத்துக்குள் அவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பயணக் குறிப்பின் நகல், வாட்ஸ்அப் குரல் பதிவு, டாக்ஸி ரசீது, பாம்பேய் சுற்றுலா ரசீது, மூட்டு அறுவை சிகிச்சை பற்றிக் குறிப்பிட்டிருந்த விண்ணப்பப் படிவத்தின் நகல்.