கேம்பர் வேனில் சப்வூஃபரைத் தவறான இடத்தில் பொருத்தியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சப்வூஃபரை இடம் மாற்றிப் பொருத்தித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பணிமனையில் உள்வேலை முடித்துக் கொடுத்த வேனில், 10 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த சுரங்களுக்கான ஸ்பீக்கர்) பெட்டியை அடுப்பு மேடைக்கும் நடு இருக்கைக்கும் இடையே தரையில் பொருத்தியிருக்கிறீர்கள். அந்த இடம் பாதுகாப்புக்கும் ஆகாது, ஒலிக்கும் ஆகாது. அதை அங்கிருந்து எடுத்து, கீழே சொல்லியிருக்கும் இடத்தில் உங்கள் செலவில் பொருத்தித் தர வேண்டும்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அடுப்புக்குக் கீழே தரையில் இருக்கும் எரிவாயு வெளியேற்றுத் துளையின் மேலேயே பெட்டி உட்கார்ந்திருக்கிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து அந்தத் துளை வழியாகத்தான் வெளியே இறங்க வேண்டும். வலைமூடியின் முக்கால் பங்கைப் பெட்டியின் அடிப்பலகை மறைக்கிறது, மீதியின் மேல் கார்ப்பெட் விளிம்பை ஒட்டியிருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையரின் மின் முனைகளும் அதே மூலையில்தான். பெட்டியை நகர்த்தும் வரை சிலிண்டர் வால்வைப் பாதுகாப்பாகத் திறக்க வழியில்லை. ஆகவே இந்த ஒன்றை உடனே செய்து தாருங்கள்.

அடுத்தது ஒலி. "பாஸுக்குத் திசை கிடையாது, எங்கே வைத்தாலும் ஒன்றுதான்" என்று உங்கள் தொழில்நுட்பர் தொலைபேசியில் சொன்னார். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம் என்பது சரிதான். ஆனால் திசை வேறு, அளவு வேறு. டேஷ்போர்டிலிருந்து பின்கதவு வரை வேனின் உள்நீளம் 4 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்றால், நீளவாக்கில் முதல் ஒத்ததிர்வு (வேனின் நீளத்துக்குப் பொருந்தி ஒலி தானே பெருகுவது) 43 ஹெர்ட்ஸில் வரும், இரண்டாவது 86-ல். தகடும் மெத்தையும் இதைச் சற்று முன்பின் தள்ளலாம், அவ்வளவுதான். நீங்கள் பெட்டியை வைத்திருப்பது நீளத்தின் நட்ட நடுவில். முதல் ஒத்ததிர்வை அங்கிருந்து எழுப்பவே முடியாது, இரண்டாவதோ அங்கிருந்துதான் மிக அதிகமாக எழும். தலையணை இருக்கும் இடத்தில் மைக் வைத்து 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஓட்டிப் பார்த்தால் இதுவேதான் தெரிகிறது: 43-ஐ ஒட்டிப் பள்ளம், 86-ஐ ஒட்டி மேடு. பாஸ் கிட்டாரின் அடித்தந்தியை வெறுமனே மீட்டினால் வரும் 41 ஹெர்ட்ஸ் பள்ளத்தில் விழுந்துவிடுகிறது, அதற்கு மேல் ஸ்தாயியான 82 மட்டும் உறுமுகிறது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுரம் இடிப்பதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் பள்ளத்தை ஈக்வலைசரில் (சுரவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஏற்றிக்கொள்ளச் சொன்னதும் தீர்வாகாது. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் இரண்டு மடங்கு வாட் தேவை, 9 டெசிபெல் ஏற்றினால் எட்டு மடங்கு. 300 வாட் ஆம்ப்ளிஃபையர் அதற்கு முன்பே கிளிப் ஆகிவிடும் (அலை வெட்டுப்பட்டு ஒலி சிதையும்), ஸ்பீக்கரின் கம்பிச்சுருளும் கருகும்.

பெட்டியின் பின்புற போர்ட்டுக்கும் (காற்று போய்வரும் குழாய்த் திறப்பு) சுவர்ப் பலகைக்கும் இடைவெளி வெறும் 2 செ.மீ. போர்ட்டின் விட்டம் 7.5 செ.மீ. என்பதால் குறைந்தது அதே அளவு இடைவெளியாவது வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியின் ட்யூனிங் (போர்ட் ஒத்ததிரும் அதிர்வெண்) கீழிறங்கும், சத்தம் கூட்டும்போது காற்று "புஸ்" என்று சீறும். இரண்டுமே இப்போது நடக்கின்றன.

கேட்கும் மாற்றம் இது. பெட்டியைப் பின்கட்டிலுக்கு அடியில், பின்கதவிலிருந்து 1 மீட்டர் தள்ளி, பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள். 1 மீட்டர் என்பது நீளத்தில் கால் பங்கு. அந்த இடத்திலிருந்து 43 ஹெர்ட்ஸ் நன்றாக எழும்பும், 86 அடங்கிவிடும். திருகுவதற்கு முன் சோதிக்க எளிய வழி உண்டு: பெட்டியைத் தலையணை இடத்தில் வைத்து ஒலிக்கவிட்டு, கட்டிலடியில் மைக்கை நகர்த்திப் பாருங்கள். சமமாகக் கேட்கும் இடமே பெட்டிக்கு உரிய இடம். கட்டிலடி அறையை முழுக்க மூடினால் அதுவே தனியாக முழங்கும். அதனால் முன்பலகையில் 20 × 20 செ.மீ. அளவிலாவது திறப்பு வெட்டி வலை போடுங்கள். போர்ட் அந்தத் திறப்பைப் பார்த்து இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையரைச் சுற்றி 5 செ.மீ. காற்று இடம் விடுங்கள், போர்வை சரிந்து மூடாதபடி தடுப்பும் வையுங்கள். ஹீட்டர் குழாயின் வாய் அந்தப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. கடைசியில் ஃபேஸ் சுவிட்சை (ஒலியலையைத் தலைகீழாக்கும் சுவிட்ச்) 0, 180 டிகிரி இரண்டிலும் வைத்து, 80 ஹெர்ட்ஸ் எதில் உரக்கக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

18 கிலோ பெட்டியை இப்போது பிடித்திருப்பது 9 மி.மீ. பிளைவுட்டில் இறங்கிய நான்கு மர ஸ்க்ரூக்கள். மோதலில் அது இருக்கையை நோக்கிப் பறந்து வரும். எம்8 போல்ட்டுகளை வேனின் தரைத் தகடு வழியாக இறக்கி, அடியில் 50 × 50 மி.மீ. இரும்புத் தகடு கொடுத்து இறுக்குங்கள். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து டீசல் டேங்கும் பிரேக் லைனும் எங்கே போகின்றன என்று பார்த்துவிடுங்கள். துளைகளைச் சீலன்ட்டால் அடையுங்கள்.

ஒயரும் மாற வேண்டும். 300 வாட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். புதிய இடத்துக்குப் போய்வர 10 மீட்டர் ஆகும். இப்போதுள்ள 4 சதுர மி.மீ. ஒயரையே நீட்டினால் 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.33 வோல்ட்தான். ஃபியூஸை ஆம்ப்ளிஃபையர் பக்கம் மாட்டியிருக்கிறீர்கள். நடுவில் ஒயர் உராய்ந்து ஷார்ட் ஆனால் அதைக் காக்க எதுவும் இல்லை. பேட்டரி முனையிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எர்த்தைப் பெயின்ட் பூசிய இருக்கைச் சட்டத்தில் கட்டாமல், வேனுக்குள் விளக்கு போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் பேட்டரியின் நெகட்டிவ் பஸ்பாருக்கே (ஒயர்கள் சேரும் உலோகப் பட்டை) கொண்டுபோங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலியும் அதோடு நின்றுவிடும்.

அளவீட்டு வரைபடத்தையும் எரிவாயுத் துளையின் புகைப்படத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பெட்டியை அகற்ற ஆள் வரும் தேதியை எழுத்து மூலம் தெரிவியுங்கள். வேலை முடிந்ததும் தலையணை இடத்தில் மீண்டும் அளந்து, அந்த வரைபடத்தையும் கையொப்பமிட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்