கழுத்து வலி வழக்கில் கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வேலூர் மாவட்ட முன்னாள் படைவீரர் உறவுகளுக்கும், எங்கெங்கோ இருந்து கை கொடுத்த என் பழைய பட்டாலியன் சகாக்களுக்கும் வணக்கம்.

சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம் ஊன பென்ஷன் கேட்ட என் மனுவை ஏற்றதும், ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் திருத்திய பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) ஏறியதும், நிலுவைத் தொகை வங்கிக்கு வந்ததும் உங்களில் பலருக்குத் தெரியும். போனில் நன்றி சொல்லிவிட்டேன்தான். இருந்தாலும் யார் என்ன செய்தார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது. கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற பக்கம் நம்முடையது. கழுத்துத் தேய்மானம், இடுப்பு ஜவ்வு விலகல் என்று பென்ஷன் மறுக்கப்பட்டு ஃபைலோடு அலைகிறவர்கள் இங்கே குறைவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993-ல் ராணுவத்தின் சப்ளை, போக்குவரத்தைப் பார்க்கும் ஏ.எஸ்.சி.யில் (ஆர்மி சர்வீஸ் கோர்) டிரைவராகச் சேர்ந்து 2017-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன். வெளியே வரும்போது பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு என் கழுத்தில் சி5-சி6, இடுப்பில் எல்4-எல்5 என்ற எலும்பு இணைப்புகள் இரண்டையும் பார்த்து, ஊனம் மொத்தம் 40 சதவீதம், அதுவும் ஆயுளுக்கும் என்று எழுதியது. அடுத்த பத்தியிலேயே, இது ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை என்று எழுதிவிட்டது. பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லைப் பணி இல்லாத அமைதிப் பகுதி முகாமில் தொடங்கியது, தேய்மான நோய் என்பதுதான் காரணமாம். ஊனம் 20 சதவீதத்தைத் தொட்டால் மட்டும் டிஸெபிலிட்டி எலிமென்ட் (பென்ஷனில் ஊனத்துக்கான பகுதி) கிடைத்துவிடாது, பணியோடு அதற்குத் தொடர்பும் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியை வைத்தே முதல் அப்பீலும் போனது, இரண்டாவது அப்பீலும் போனது.

முதல் நன்றி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருந்த நல அமைப்பாளருக்கு. மனுமேல் மனு எழுதிக்கொண்டிருந்த என்னை உட்காரவைத்து, “சார், உங்க போர்டு பேப்பர் முழுசா உங்க கையில இருக்கா? மொதல்ல அதை வாங்குங்க” என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதவைத்தவர் அவர்தான். நகல் வந்ததும் அவரே பக்கம் பக்கமாகப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். ‘இந்தக் குறை பணியில் சேர்வதற்கு முன்பே இருந்ததா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. பணியோடு தொடர்பில்லை என்று எழுதிய அதே கையெழுத்து. சேரும்போது இல்லாத நோய் எப்படி வந்தது என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு வாக்கியம்கூட இல்லை. வழக்கு அந்த இடத்தில்தான் உயிர் பெற்றது.

அடுத்து நெல்லைக்கார அண்ணாச்சி, எங்கள் எம்.டி. என்.சி.ஓ., அதாவது வண்டிகளைக் கவனித்த மேலாள். இந்தக் கடிதத்தில் பாதி அவருக்குத்தான் போக வேண்டும். ‘பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது’ என்று போர்டு சொன்னது, ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் எம்.ஆர்.ஐ. பார்த்து நோய்க்குப் பெயர் வைத்த தேதியை. வலி அதற்கு வெகு முன்பே, ஸ்ரீநகர்-லே கான்வாயில் (ராணுவ வண்டி வரிசையில்) ஸ்டாலியன் லாரி ஓட்டிய காலத்திலேயே வந்துவிட்டது. ஜோசிலா கணவாயில் பனி வெட்டித் திறந்த பாதையில் டயருக்குச் சங்கிலி மாட்ட, ஈரத்தில் மல்லாந்து படுத்து, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு வேலை பார்ப்போம். மாட்டிய பிறகு அதே கழுத்தோடு நாள் முழுக்கக் குழியிலும் கல்லிலும் ஓட்ட வேண்டும். இறங்கினால் 20 லிட்டர் ஜெர்ரிகேன்களைச் சுமந்து அடுக்க வேண்டும். எம்.ஐ. ரூமுக்கு, அதாவது யூனிட் மருத்துவ அறைக்குப் போனால் ஒரு வலி மாத்திரை, டியூட்டியில் தளர்வு தரும் ‘அட்டென்ட் சி’ என்று ஒரு சீட்டு, அவ்வளவுதான். அந்தச் சீட்டெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள்? அண்ணாச்சி தன் கான்வாய் டைரியை வைத்திருந்தார். எந்தத் தேதியில் எந்த வண்டி, யார் டிரைவர், யாரை லைட் டியூட்டியில் நிறுத்திவிட்டு மாற்று டிரைவர் போட்டோம் என்று எல்லாம் இருந்தது. முட்டி வலியோடு பஸ் பிடித்துச் சென்னை வந்து, நோட்டரி முன் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பஸ் காசுகூட வாங்க மறுத்துவிட்டார். அண்ணாச்சி, அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

இன்னொன்று என் வீட்டிலிருந்தே வந்தது. என் மனைவி டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் எடுத்துக் கொடுத்தாள். லேயிலிருந்து நான் எழுதியவை. ஒன்றில், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா என்று கேட்டுவிட்டு, “கழுத்தைத் திருப்ப முடியல, உடம்போட திரும்பித்தான் பாக்குறேன்” என்று எழுதியிருக்கிறேன். மேலே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி, தேதியோடு ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரை. மருத்துவச் சான்றாக இது நிற்காது என்று வக்கீல் சொன்னார். ஆனால் டைரியில் உள்ள தேதியும் முத்திரையில் உள்ள தேதியும் பொருந்தியது என்று அதையும் சேர்த்தே தாக்கல் செய்தார்.

வக்கீல் சாருக்கும், இரவெல்லாம் டைப் அடித்த ஜூனியர் தம்பிக்கும் நன்றி. அவர்கள் நம்பி நின்றது 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தரம்வீர் சிங் தீர்ப்பு. அது வலிப்பு நோய் வழக்குதான், ஆனால் அதில் சொன்னது எல்லோருக்கும் பொருந்தும். சேரும்போது எந்தக் குறையும் பதிவாகவில்லை என்றால் நல்ல உடம்போடு சேர்ந்ததாகத்தான் கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வரவில்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசு, வீரன் அல்ல. போர்டு மறுத்தால் அதற்குக் காரணமும் எழுத வேண்டும். காரணமே எழுதாத என் போர்டு பேப்பருக்கு இதைவிட எதுவும் தேவைப்படவில்லை. 2014-ல் வந்த ராம் அவதார் தீர்ப்பின்படி, முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் சதவீதத்தை உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்றும் வாதாடினார்கள். அதனால் 40 என்பது 50 ஆனது. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. அதில் பாதி, அதாவது 15 சதவீதம், எனக்கு வருகிறது. நிலுவை மட்டும் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான். தர்சேம் சிங் வழக்கில் 2008-லேயே அப்படி முடிவானதாம். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, மறைக்கவில்லை. அப்பீலில் அலைந்த காலத்துக்கு யார் பொறுப்பு?

எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, எந்த நரம்பு அழுத்தப்படுவதால் என் கட்டைவிரல் மரத்துப்போகிறது என்று எனக்கே புரியும்படி எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவுக்கும், விசாரணைக்கு வந்தபோதெல்லாம் சாப்பாடும் இடமும் கொடுத்த பெரம்பூர் மச்சானுக்கும் தங்கச்சிக்கும் நன்றி.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு விஷயம். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன, அதன் பிறகு வெளியே வந்தவர்களுக்கு அவைதான் பொருந்தும். என் உத்தரவை அப்படியே காப்பி அடித்து மனு போடாதீர்கள், வக்கீலிடம் கேளுங்கள். அதற்கு முன் ஓய்வு பெற்றவர்கள் யாராவது என் மனுவையும் உத்தரவையும் பார்க்க விரும்பினால், சர்வீஸ் நம்பரை மறைத்த நகல் ஒன்றை நல அமைப்பாளரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். மத்தியானம் சாப்பாட்டு நேரம் தவிர எப்போது போனாலும் எடுத்துக் கொடுப்பார்.

நன்றியுடன்,
முன்னாள் ஹவில்தார் (டிரைவர்), ஏ.எஸ்.சி.
கணியம்பாடி பக்கம், வேலூர் மாவட்டம்