லீவு கணக்கை சூப்பர்வைசர்வாரியாகவும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரில் ஆள் பற்றாக்குறை என்ற பேச்சு வரும்போதெல்லாம், "இந்தக் காலத்து ஆட்களுக்கு உடம்பு வளையவில்லை, தலைவலி என்றாலே லீவு" என்று முதலாளிகள் சொல்வதைக் கேட்கிறேன். ஒரு பனியன் கம்பெனி டைம் ஆபீசில் 19 வருடம் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரே ஷெட்டில் நான்கு தையல் லைன். எல்லா லைனுக்கும் ஒரே மாதிரி மெஷின், ஒரே சம்பளம், தலைக்கு மேலே அதே தகரக் கூரை. ஆனால் திங்கட்கிழமை வந்தால் மூன்றாவது லைனில் மட்டும் ஏழெட்டுப் பெயருக்கு நேரே சிவப்பு மையில் லீவு என்று எழுதுவேன். பக்கத்து லைனில் ஒன்றோ இரண்டோதான். அந்த மூன்றாவது லைன் சூப்பர்வைசர், பீஸ் குறைந்தால் மைக்கில் பெயர் சொல்லித் திட்டுவார். பாத்ரூம் போக அவரிடம் டோக்கன் வாங்க வேண்டும். லைனுக்கே ஒரு டோக்கன்தான். அதைப் போய்க் கேட்கக் கூசிக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் இருந்த ஒரு செக்கிங் பெண், நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று இரண்டு மாதத்தில் மூன்று முறை இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) மருத்துவ லீவு சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்தார். காலையில் நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் சாயங்காலமும் அவர் பையில் அப்படியே இருக்கும்.

ஒரு தீபாவளிக்குப் பிறகு அந்த சூப்பர்வைசரை முதல் லைனுக்கு மாற்றினார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, சிவப்பு மையும் முதல் லைனுக்குப் போய்விட்டது. மூன்றாவது லைனுக்கு வந்தவர் முன்பு டெய்லராக இருந்த ஒரு அம்மா. யாராவது சோர்ந்து உட்கார்ந்தால் "என்ன கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்டு, அவரே பத்து நிமிடம் அந்த மெஷினில் உட்காருவார். டார்கெட் அவருக்கும் அதேதான். அந்தத் திட்டுகிற சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லி, பதிவேட்டை மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அவர் பீஸ் எடுத்துக் கொடுக்கிறாரேம்மா" என்றார். வராதவர்கள் தைக்காத பீஸ் எந்தக் கணக்கில் சேரும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது இன்னமும் உறுத்துகிறது.

சும்மா படுத்துக்கொள்கிறார்கள் என்பதும் நியாயமில்லை. இஎஸ்ஐயில் முதல் 2 நாளுக்குப் பொதுவாகப் பணம் கிடையாது. அப்புறம் கிடைப்பதும் சம்பளத்தில் 70 சதவீதம்தான், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரை. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாடகையும் வட்டியும் கட்டுகிறவர்கள் அதை வேண்டுமென்றே இழப்பார்களா?

ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் பகுதி ஆண் ஊழியர்கள் 3,122 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து, 2009ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மேலதிகாரி சரியாக நடத்தாத இடத்தில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் அதிகம் வந்ததாம். இதை நர்ஸாக இருக்கும் என் மகள் படித்துச் சொன்னபோது என் சிவப்பு மைப் பக்கங்கள்தான் கண்ணில் வந்தன.

கம்பெனிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். மாதம் ஒருமுறை லீவு கணக்கை சூப்பர்வைசர்வாரியாகவும் எடுத்துப் பாருங்கள். நன்றாகத் தைக்கிறார் என்பதற்காக ஒருவரை ஒரே நாளில் சூப்பர்வைசர் ஆக்குகிறோம். ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு வாரமாவது உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். அந்த பாத்ரூம் டோக்கனை நாளைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.