சீலர் பளபளப்புக்கு இல்லை

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலை மாறி உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியைத் தவிர மற்ற எல்லா வைத்தியமும் நடக்கிறது.

சரி, உன் சமையலறைத் தரை மங்கிப்போன விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சமையலறைப் பளிங்குத் தரையையும் இப்போதுதான் சரிசெய்து முடித்தோம், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். "சீலர் ஒரு கோட் அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். ஆகாது. கல் தரைக்கு அடிக்கிற சீலர் பெரும்பாலும் உள்ளே இறங்கி நுண்துளைகளை அடைக்கிற வகை. எண்ணெயும் தண்ணீரும் ஊறாமல் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. மங்கிய தரைமேல் அடித்தால் அழுக்கையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும்.

அதனால் முதலில் ஏன் மங்கியது என்று பார். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் பகலில் கண்ணில் படாததெல்லாம் தெரியும். எங்கள் வீட்டில் அடுப்புக்கு முன்னால் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து படலமாகப் படிந்திருந்தது. சுரண்டினால் நகக்கண்ணில் ஒட்டியது. நடக்கிற தடம் முழுக்கப் பொடிக் கீறல்கள். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்கிற கனிமத்தின் கடினம், கல்லின் கடினத்தை அளக்கிற மோ அளவுகோலில் 7, பளிங்குக்கு 3தான். காலோடு வரும் மண் என்ன பாடுபடுத்தும், நீயே யோசித்துக்கொள். சிங்க் பக்கத்தில் வட்ட வட்டமாக வெளுத்த தடங்கள். எலுமிச்சையோ வினிகரோ சொட்டிய இடங்கள் அவை. பார்க்கக் கறை மாதிரி இருந்தாலும் கறை இல்லை, அமிலம் கல்லையே அரித்திருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் போகாது, பாலிஷ் போட்டால்தான் உண்டு.

படலத்தை எடுக்கக் காரத்தன்மையுள்ள கல் கிளீனர் கிடைக்கும். ஊற்றி 10, 15 நிமிடம் ஊறவிட்டு நைலான் பிரஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அழுக்குத் தண்ணீரை உடனே வழித்து எடுத்துவிடு, காயவிட்டால் மறுபடி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வெறும் தண்ணீரில் இரண்டு தடவை அலசு. கல் இடுக்கில் பூசியிருந்த சிமெண்ட் இவ்வளவு வெளிர் நிறமா என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீறலுக்கும் அரிப்புக்கும் டைமண்ட் பேட், அதாவது மெஷினில் மாட்டித் தேய்க்கிற, வைரத்தூள் பதித்த வட்டு. தண்ணீர் விட்டு 400, 800, 1500, 3000 என்ற எண் வரிசையில் சொரசொரப்பிலிருந்து நைசுக்குப் போக வேண்டும். இதற்கு ஆள் வைத்துக்கொண்டோம், இந்த வயதில் மெஷினோடு மல்லுக்கட்ட முடியுமா? நீயும் ஆள் வைத்தால் பக்கத்திலேயே நில். அவசரத்தில் ஒரு பேடைத் தாண்டிப் போனால் முந்தைய பேடின் கீறல் அப்படியே நின்றுவிடும், வேலை முடிந்து வெயில் சாய்வாக விழும்போதுதான் பல்லிளிக்கும்.

அதன் பிறகு பொறுமைதான். கல் உள்ளேயும் காய வேண்டும். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விடு. ஈரத்தோடு சீலர் அடித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அடிக்கும்போது மெல்லிசாக அடித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடிந்ததும் மேலே மிஞ்சியதைச் சுத்தமான துணியால் ஒட்டத் துடைத்துவிடு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்; துடைக்காமல் விட்டது பிசுபிசுவென்று காய்ந்து, பழைய மங்கலே தேவலை என்றாகிவிடும். கரைப்பான் கலந்த சீலர் என்றால் அடுப்பு எரியக் கூடாது, ஜன்னல்களைத் திறந்து வை. சில சீலர் கல்லின் நிறத்தைக் கருக்கும், மூலையில் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கு. மெழுகு பூசச் சொல்கிறவர்களும் உண்டு. வழுக்கும், அழுக்கையும் இழுக்கும். சமையலறைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

நன்றாகக் காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால் அடியில் கல் கருத்திருக்கக் கூடாது. கருத்திருந்தால் இன்னொரு கோட். ஆனால் சீலர் இருக்கிறதே என்று எலுமிச்சைச் சாற்றைச் சிந்திவிட்டு விட்டுவிடாதே. சீலர் கறையைத்தான் தடுக்கும், அரிப்பைத் தடுக்காது. தினசரி துடைக்கவும் அமிலமும் காரமும் இல்லாத கிளீனரே போதும்.

இத்தனையும் எழுதிவிட்டேன், உன் தரை என்ன கல் என்று நீ சொல்லவே இல்லை! ஃபிரிட்ஜுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், ஒரே ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்த்து உடனே துடைத்துவிடு. நுரைத்தால் பளிங்கோ சுண்ணாம்புக்கல்லோதான். கிரானைட் என்றால் நுரைக்காது. அந்த அரிப்புக் கதையும் உனக்கு வேண்டாம். எது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
கீதா