பீர் காய்ச்சும் கெட்டிலுக்கு எந்தக் கன்ட்ரோலர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சாரக் கெட்டிலில் வீட்டளவில் பீர் காய்ச்சுவது பற்றி உங்கள் அறிவியல் இணைப்பில் வந்த கட்டுரை, வெப்பநிலைக் கட்டுப்பாட்டை ‘நல்ல பி.ஐ.டி. கன்ட்ரோலர் ஒன்று வாங்கிக்கொள்ளவும்’ என்ற ஒரே வரியோடு முடித்துக்கொண்டது. பி.ஐ.டி. என்பது இலக்கை நெருங்க நெருங்கச் சூட்டைத் தானே கணக்கிட்டுக் குறைக்கும் கன்ட்ரோலர். வாங்குபவர்கள் தடுமாறுவது அந்த வரியில்தான். வீட்டுத் தயாரிப்புக்குச் சட்டம் இடம் தரும் நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்காகச் சில விவரங்கள்.

கன்ட்ரோலருக்குக் கெட்டிலில் இரண்டு வேலை உண்டு. முதலாவது மாஷ்: அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) வெந்நீரில் சுமார் ஒரு மணி நேரம் ஊறவைப்பது. பீட்டா அமைலேஸ் நொதி 60 முதல் 65 டிகிரியில் சுறுசுறுப்பாக இருந்து, அதற்கு மேல் விரைவாகச் செயலிழக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 70-ஐ ஒட்டி நன்றாக வேலை செய்யும். 64-இல் ஊறவைத்தால் இனிப்பு மிஞ்சாத மெல்லிய பீர். 69-இல் கனமான பீர். ஆகவே ஒரு டிகிரி முன்பின் போனால் குடி முழுகிவிடாது. மூன்று டிகிரி போனால் நினைத்த பீர் வராது. இரண்டாவது வேலை கொதி. வோர்ட்டை, அதாவது மாஷிலிருந்து வடித்த இனிப்பு நீரை, ஒரு மணி நேரம் சீராகத் தளதளக்க வைக்க வேண்டும், ஆனால் பொங்கி வழியக் கூடாது.

மாஷுக்குப் பி.ஐ.டி. இல்லாமல் முடியாது என்பது மிகைப்படுத்தல். 20 லிட்டர் நீரும் 5 கிலோ மால்ட்டும் சேர்ந்த கலவை சட்டென்று சூடாறாது. அரை டிகிரி இடைவெளியில் ஆன்-ஆஃப் செய்யும் சாதாரண கன்ட்ரோலரே, பம்ப் வைத்து வோர்ட்டைச் சுழலவிட்டால், அதைப் போதுமான அளவுக்குப் பிடித்து வைக்கும். தவறு பெரும்பாலும் சென்சார் இருக்கும் இடத்தில். சூடேற்றும் 2000 வாட் எலிமெண்ட் இந்தக் கலவையை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.2 டிகிரி ஏற்றும். சென்சாருக்குச் சூடு போய்ச் சேர இரண்டு நிமிடம் தாமதமானால் இரண்டு டிகிரிக்கு மேல் தாண்டிவிடும். பி.ஐ.டி. இந்தத் தாண்டலைக் குறைக்கும், அவ்வளவுதான்; தப்பான இடத்தில் இருக்கும் சென்சாரை அது திருத்தாது. கெட்டிலின் அடிக்குழாயிலிருந்து பம்புக்குப் போகும் வழியில் ஒரு ‘T’ வடிவக் குழாய் இணைப்பைப் போட்டு, அதில் சென்சாரைச் செருகுவது நல்லது. எலிமெண்ட் தனிக் குழாயில் இருந்தால் சென்சார் அந்தக் குழாயின் வெளிவாயில் இருக்க வேண்டும். பம்ப் ஓடாதபோது எலிமெண்டுக்கு மின்சாரம் போகாதபடி ஒரு ஃப்ளோ ஸ்விட்சும் அங்கே அவசியம். ஓட்டம் நின்றால் குழாயில் தேங்கிய வோர்ட் கருகும். அந்தக் கரிநாற்றம் பீரை விட்டுப் போகாது.

பி.ஐ.டி.க்குப் பணம் கொடுக்க நியாயமான காரணம் கொதிநிலையில் இருக்கிறது, அதுவும் அதன் கணக்குத் திறமைக்காக அல்ல. கொதிக்கும் வோர்ட்டின் வெப்பநிலை, எவ்வளவு வாட் கொடுத்தாலும் ஏறாது. 100 டிகிரி என்று செட் செய்து, உங்கள் இடத்தின் உயரத்தால் கொதிநிலை 98 ஆக இருந்தால், கன்ட்ரோலர் இன்னும் இரண்டு டிகிரி பாக்கி என்று நினைத்து முழுச் சக்தியிலேயே நிற்கும். நுரை பொங்கி வழியும். சென்சார் ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டினாலோ, கொதி வருவதற்குள் எலிமெண்டை அணைத்துவிடும். அங்கே தேவைப்படுவது ‘70 சதவீதச் சக்தி கொடு’ என்று சொல்லும் மேனுவல் வசதி. மணிக்கு 3 லிட்டர் ஆவியாக மட்டும் சுமார் 1900 வாட் வேண்டும். பாத்திரத்தின் வழியே போகும் சூடு தனி. 3000 வாட் எலிமெண்டை 70 முதல் 75 சதவீதத்தில் வைத்தால் நல்ல கொதி கிடைக்கும். மலிவான பல மாடல்களில் இந்த மேனுவல் வசதி கிடையாது. வாங்குமுன் கையேட்டில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

அடுத்தது அவுட்புட். இங்கே ஏமாறுபவர்கள் அதிகம். ஒரே முகப்புள்ள கன்ட்ரோலர், உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்தும் வரும், வெளியே இருக்கும் எஸ்.எஸ்.ஆரை (தொடுமுனைகள் இல்லாத மின்னணு ரிலே) இயக்கும் டி.சி. சிக்னல் தருவதாகவும் வரும். பரவலாக விற்கும் ரெக்ஸ்-சி100 வகையில் மாடல் எண்ணின் நடுவே ‘எம்’ இருந்தால் ரிலே, ‘வி’ இருந்தால் எஸ்.எஸ்.ஆருக்கான வோல்டேஜ். எஸ்.எஸ்.ஆரும் சேர்த்துத் தரும் செட்டிலேயே ‘எம்’ வந்துவிடுவதுண்டு. அதை நேராக இணைத்தால் எஸ்.எஸ்.ஆர். இயங்காது, ஏனென்றால் ரிலே முனைகளில் வோல்டேஜே இல்லை.

ரிலேயே போதாதா என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை இயங்கக்கூடிய ரிலேயை எடுத்துக்கொள்வோம். பி.ஐ.டி.யின் சுழற்சி நேரம் (ஒரு ஆன்-ஆஃப் சுற்று) 2 நொடி என்றால் மணிக்கு 1800 தடவை. இரண்டரை மணி நேரக் காய்ச்சலுக்கு 4500. இருபத்திரண்டு காய்ச்சலில் ஆயுள் முடிந்தது. சுழற்சியை 20 நொடியாக்கினால் இருநூறைத் தாண்டும். எஸ்.எஸ்.ஆருக்கு 2 நொடி, ரிலேக்கு 20 நொடி என்று செட் செய்வது இதனால்தான். 10 ஆம்பியர் என்று அச்சிட்ட ஆன்-ஆஃப் கன்ட்ரோலரில் 2300 வாட் எலிமெண்டை நேரடியாக மாட்டாதீர்கள். 230 வோல்ட்டில் அது சரியாக 10 ஆம்பியர். விளிம்பிலேயே ஓடும் ரிலே ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு கான்டாக்டர் (அதிக கரண்ட்டைத் தாங்கும் பெரிய ரிலே) வையுங்கள்.

எஸ்.எஸ்.ஆரில் ஆம்பியருக்கு ஒன்று முதல் ஒன்றரை வாட் வரை சூடாகவே போகும். 13 ஆம்பியர் (230 வோல்ட்டில் 3000 வாட் எலிமெண்ட்) ஓடினால் கிட்டத்தட்ட 20 வாட். சூட்டை வெளியேற்றும் உலோக ஹீட் சிங்கும் இடையில் தெர்மல் பேஸ்டும் கட்டாயம். ஹீட் சிங்கின் இறக்கைகள் பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துவிட்டு எஸ்.எஸ்.ஆர். தரமில்லை என்று திட்டிப் பயனில்லை. சந்தையில் போலிகள் நிறைய என்பதால், ஓடும் கரண்ட்டைப் போல இரு மடங்கு எண் போட்டதை வாங்குவது புத்திசாலித்தனம்.

சென்சாருக்கு மூன்று வயர் பி.டி.100 (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பிளாட்டினம் சென்சார்) வாங்குங்கள். டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும். இரண்டு வயர் வகையில் கேபிளின் 0.4 ஓம் மின்தடையே ஒரு டிகிரிப் பிழையாகிவிடும். மூன்றாவது வயர் அதைக் கழித்துவிடுகிறது. மலிவு செட்டுகளில் வரும் கே வகைத் தெர்மோகப்பிளுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 2.2 டிகிரி, அதன் வயரைச் சாதாரணச் செம்பு வயரால் நீட்டினால் இன்னும் மோசம். சென்சாரை மாற்றியதும் கன்ட்ரோலரில் இன்புட் வகையையும் மாற்ற வேண்டும். பிறகு நம்பகமான ஒரு தெர்மாமீட்டரோடு 66 டிகிரியில் ஒப்பிட்டுத் திருத்தம் கொடுங்கள். ஐஸ் தண்ணீரில் மட்டும் சரிபார்ப்பது போதாது. பூஜ்யத்தில் சரியாக இருப்பது 66-இல் விலகலாம்.

ஆட்டோ-ட்யூன் (கன்ட்ரோலர் தனக்கேற்ற எண்களைத் தானே கண்டுபிடிப்பது) செய்யும்போது கெட்டிலில் வழக்கமான அளவு நீர் இருக்க வேண்டும், பம்ப் ஓட வேண்டும், மூடி வழக்கம்போல இருக்க வேண்டும், இலக்கு 66 போல இருக்க வேண்டும். அரைக் கெட்டில் நீரில் ட்யூன் செய்த எண்கள் முழுக் கெட்டிலுக்குப் பொருந்தாது. நல்ல உறை போட்ட கெட்டில் மெதுவாக ஆறுவதால் இது நீண்ட நேரம் எடுக்கும். பாதியில் நிறுத்த வேண்டாம். மாஷின்போது உச்ச அவுட்புட்டை 50-60 சதவீதமாக வரம்பிடும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். தாண்டலும் குறையும், அடிப்பிடிப்பதும் குறையும்.

நொதித்தலுக்கு வேறு கன்ட்ரோலர். எஸ்.டி.சி-1000 போன்ற, சூடு-குளிர் இரண்டு ரிலே உள்ள ஆன்-ஆஃப் வகையே அதற்கு ஏற்றது. ஃப்ரிட்ஜ் கம்ப்ரசருக்கு 3 முதல் 5 நிமிடத் தாமதம் வைத்தால் போதும். எஸ்.டி.சி-1000 99 டிகிரிக்கு மேல் காட்டாது, ஆகவே கொதிக்கு அது உதவாது.

பாதுகாப்பில் மட்டும் சிக்கனம் வேண்டாம். எஸ்.எஸ்.ஆர். பழுதானால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையிலேயே நின்றுவிடும். திரையில் கன்ட்ரோலர் அணைந்ததாகக் காட்டும், எலிமெண்ட் எரிந்துகொண்டே இருக்கும். நீர் வற்றிய எலிமெண்ட் வெகு நேரம் தாங்காது. ஆகவே எஸ்.எஸ்.ஆருக்கு முன்னால், ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் கான்டாக்டரோ கையால் அணைக்கும் ஸ்விட்சோ வேண்டும். மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், கெட்டிலின் உடலுக்கு எர்த்தும் இல்லாமல் தொடங்கவே கூடாது. 13 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதை மாற்றிவிட்டு ஓட்டாமல், எலிமெண்டுக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவும்.

எலிமெண்டை இணைக்காமல் எஸ்.எஸ்.ஆர். ‘ஆஃப்’ நிலையில் மல்டிமீட்டர் வைத்தால் கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் காட்டும். சில மில்லி ஆம்பியர் கசிவதால் வருவது அது. எலிமெண்டை மாட்டியதும் மறைந்துவிடும். இதைப் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆனால் அந்த முனையைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்